விளையாட்டுக் கருவி வாத்தியம் ஆகுமா?

நாகர்கோவில் அண்ணாச்சி:
எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் இந்த ஆண்டு வில்லுப்பாட்டை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் மின்னணு நடன இசை வைத்தார்கள். பாதிக்குப் பாதி வீடியோ கேம் ஒலிகள். அந்த இசையை நான் மதிக்காதவன் அல்ல. 1980களில் சிகாகோவில் ஹவுஸ், டெட்ராய்டில் டெக்னோ என்று கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியது அது. கேம்கள் அதை வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான். 1991இல் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' கேமுக்கு யுசோ கோஷிரோ இசையமைத்தது நடனக்கூடப் பாட்டுகளைக் கேட்டுத்தானே?

மார்த்தாண்டத்துக்காரி:
வில்லுப்பாட்டைச் சுருக்கியது தவறு. அதில் நான் உங்கள் பக்கம், அண்ணாச்சி. ஆனால் கேம்கள் வாங்க மட்டும் செய்தன என்பதை ஏற்க மாட்டேன். ஜப்பானின் 'எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா' 1978இலேயே தன் முதல் ஆல்பத்தில் கேம் ஒலிகளைப் பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஹவுஸ் அப்போது பிறக்கவே இல்லை.

என் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய கேம் பாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1989இல் அறிமுகமான, கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவி. மொத்தம் நான்கே ஒலித்தடங்கள்: இரண்டு சதுர அலை, நாமே வடிவம் கொடுக்கும் அலை ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று. 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்ற இசையமைக்கும் மென்பொருளை அதில் ஏற்றிப் பழகுகிறேன். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ச, க, ப மூன்றையும் கண்ணிமைப்பதற்குள் மாற்றி மாற்றி ஓடவிட்டால் மூன்றும் சேர்ந்தே ஒலிப்பதுபோல் காதில் விழும். இரைச்சலைச் சட்டென்று வெட்டினால் மேளத்தின் அடி. அந்த முதல் அடி சரியாக விழுந்த இரவு நான் தூங்கவில்லை.

குளச்சல் கரை:
2019 பிப்ரவரியில் 'ஃபோர்ட்நைட்' கேமுக்குள் மின்னணு இசைக் கலைஞர் மார்ஷ்மெல்லோ நடத்திய கச்சேரியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பத்தே நிமிடம். பக்கத்தில் நிற்பவனின் தோள் இடிக்காத ஆட்டம் என்ன ஆட்டம்? எங்கள் தேவாலயத் திருவிழாவில் சிங்காரி மேளம் முழங்கினால் நெஞ்செலும்பு அதிரும்.

மார்த்தாண்டத்துக்காரி:
1998இல் வந்த 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' காலால் மிதித்து ஆடும் கேம், அண்ணே. இரண்டு பாட்டு ஆடிப் பாருங்கள், சட்டை நனைந்துவிடும்.

அண்ணாச்சிக்கு ஒன்று: வேட்டைக்குப் போன வில்தான் வில்லுப்பாட்டின் வில் ஆயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே? விளையாட்டுப் பெட்டி ஏன் வாத்தியம் ஆகக்கூடாது?

நாகர்கோவில் அண்ணாச்சி:
வில்லில் மணி கட்டி, வீசுகோல் பிடித்து, விடிய விடிய முத்தாரம்மன் கதை பாடிய பிறகுதான் அது வாத்தியம் ஆயிற்று, தங்கச்சி. கதை சொல்லாத தாளம் எனக்கு ஒட்டாது. ஆனாலும் 1978 எனக்குப் புதிய செய்தி. அந்த இரைச்சல் தடத்தை மட்டும் பதிவு செய்து இங்கே போடுங்கள். எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவருக்குக் கேட்கக் கொடுக்கிறேன். கொடை நேரத்தைப் பற்றிக் கமிட்டியிடம் பேசத்தான் போகிறேன், அதை விடமாட்டேன்.