16 அடி கட்டமரானுக்கு ஸ்பினேக்கர்: துளை போட முதல் ஒரு கேள்வி

கரையோரம்:
ஹோபி 16, இரண்டு உடல் உள்ள பாய்ப்படகு. பெரிய பாயும் ஜிப்பும் (முன்னுக்குள்ள சின்னப் பாய்) தான் இருக்கு. மூன்று கிழமையில் மண்டைதீவுப் பக்கம் கடலேரியில் ஓட்டம், கடைசிப் பகுதி முழுக்கச் சோளகக் காற்றைப் பின்னுக்கு வைச்சு ஓடவேணும். 17 சதுர மீற்றர் ஸ்பினேக்கர் (பின்காற்றுக்கு முன்னுக்கு ஏற்றுற பெரிய பாய்) ஒன்று கிடைச்சிருக்கு, வெறும் பாய் மட்டும். அதை முன்னுக்குப் பிடிக்கிற தண்டு எவ்வளவு நீளம்? பாய்மரத்தில் கப்பி எந்த உயரம்? கயிறு எத்தனை மீற்றர்?

அணியம்:
முதல் போட்டிக் குழுவைக் கேளுங்கோ. ஸ்பினேக்கர் போட்ட படகுக்கு நேரக் கணக்கு மாறும். ஹோபி 16 மட்டும் ஓடுற போட்டியெண்டால் அனுமதியே இல்லாமலும் போகலாம்.

தண்டுக்கு 50 மி.மீ. அலுமினியக் குழாய், தடிப்பு 2 மி.மீ. பின்நுனி பாய்மர அடியில் முன் குறுக்குச் சட்டத்தோடை. முன்நுனி அணியங்களை (படகின் முன்மூக்குகளை) தாண்டி 50, 60 செ.மீ. நீண்டால் காணும். நுனியிலிருந்து இரண்டு அணியத்துக்கும் 4 மி.மீ. டைனீமா (நீளாத உறுதியான கயிறு) கட்டுங்கோ. பாய் தண்டை மேல்நோக்கித்தான் இழுக்கும். அதனாலை நுனி அணியத் தளத்தைவிட உயர நிக்கவேணும், அப்பதான் அந்தக் கயிறுகள் அதைக் கீழே பிடிச்சு வைக்கும். தண்டின் நடுவை, இரண்டு அணியத்திலிருந்தும் வாற கம்பிகள் ஜிப்பின் அடியில் சந்திக்கிற இடத்திலிருந்து தொங்கவிடலாம்.

கப்பியைப் பக்கக் கம்பிகள் பாய்மரத்தில் சேருற இடத்துக்குக் கிட்டவே வையுங்கோ. இந்தப் பாய்மரத்துக்கு வைரக் கம்பி (மரத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற வைர வடிவக் கம்பி) இல்லை, உயரப் போனால் மேல்நுனி முன்னுக்கு வளைஞ்சிடும். ரிவெட் மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) தான் நல்லது. ஒவ்வொரு துளையையும் சிலிக்கோன் போட்டு அடையுங்கோ. பாய்மரத்துக்குள்ளை தண்ணி போனால் கவிழ்ந்த படகு முழுக்கத் தலைகீழாகும். எங்கட கடலேரி ஆழம் குறைவு, நுனி சேத்துக்குள்ளை குத்திட்டால் நிமித்திறது பெரும்பாடு.

ஏற்றுகயிறு 5 மி.மீ.: கப்பி உயரத்தின் இரண்டு மடங்கோடை 2 மீற்றர் கூட. தண்டு நுனிக்குப் பாயை இழுக்கிற கயிறு 5 மீற்றர். ஷீட் (பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிறு) 7 மி.மீ., 15 மீற்றர், இரண்டு பக்கத்துக்கும் ஒரே கயிறு. ஷீட் கப்பி இரண்டும் ராட்செட் கப்பியாக (ஒரு பக்கம் மட்டும் சுழலுற கப்பி) இருக்கவேணும். அது இல்லாமல் கையாலை பிடிச்சு நிக்க ஏலாது.

வாடைக்காற்று:
அணியம் சொன்னதோடை ஷீட் போற வழியையும் பாருங்கோ. முன்கம்பிக்கு முன்னாலை, ஸ்பினேக்கரின் முன்விளிம்புக்கு உள்ளாலை போகவேணும். தப்பினால் முதல் திருப்பத்திலேயே பாய் கம்பியைச் சுத்திக்கொள்ளும். கரையில், விடியக் காற்று அடங்கின நேரம் ஏற்றிப் பார்த்தால் தெரிஞ்சிடும்.

ஓட்டத்தில் முக்கியம் பெரிய பாயின் ஷீட். ஸ்பினேக்கர் நிக்கும்போது பாய்மரத்தைப் பின்னுக்குப் பிடிச்சு வைக்கிறது அதுதான். வீச்சுக்காற்று வந்தால் அதைத் தளர்த்தாதேங்கோ, பாய்மரம் முறியும். சுக்கானாலை படகைக் காற்றுப் போற திசைக்கு விழுத்துங்கோ. ஜிப்போடை ஓடிப் பழகின கை எதிர்ப்பக்கம், காற்றை நோக்கித்தான் போகும். அப்படிப் போனால் படகின் ஒரு பக்க உடல் தண்ணியை விட்டு மேலேறிக் கவிழும். இரண்டு பேரும் பின்னுக்கு இருங்கோ, காற்றுக்கு அப்பாலுள்ள அணியம் தண்ணிக்குள்ளை புதைஞ்சால் குத்துக்கரணம்தான்.

கரையோரம்:
இறக்கிறது எப்படி? உறிஞ்சு குழாய் (பாயை உள்ளே இழுத்து வைக்கிற குழாய்) வாங்க நேரமில்லை.

வாடைக்காற்று:
இரண்டு உடலுக்கும் நடுவிலை, நீங்கள் இருக்கிற வலைத் தட்டில் ஒரு பை தைச்சால் போதும். காற்றோடை விழுத்தி, பாயை ஜிப்பும் பெரிய பாயும் காற்றை மறைக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, அடிவிளிம்பு கைக்கு வந்த பிறகு ஏற்றுகயிற்றை விடுங்கோ, தண்டுக் கயிறு கடைசியில். அடிவிளிம்பு கைக்கு வரமுதல் ஏற்றுகயிற்றை விட்டால் பாய் அணியத்துக்குக் கீழே போய் இழுவலை மாதிரித் தண்ணியை அள்ளும்.

அணியம்:
இன்னொன்று. ஸ்பினேக்கர் நிக்கும்போது முன்பக்கம் ஒரு பாதி தெரியாது. சிறகுவலைக் (கம்பு நட்டுக் கட்டுற மீன்வலை) கம்புகள் தண்ணி ஏறின நேரம் ஒரு சாண்தான் வெளியிலை நிக்கும். வலை தொழிலாளியின்ர முதல், கிழிச்சால் அவருக்குத்தான் நட்டம். ஓட்டத்துக்கு முதல்நாள் அதே பாதையில் ஜிப்போடை மட்டும் போய் கம்பு வரிசைகளைக் குறிச்சு வையுங்கோ. சுக்கான் பிடிக்காத மற்றவர் பாயின் அடியாலை குனிஞ்சு பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கவேணும்.