தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணி: தொடக்கத்தில் இருந்த முன்னிலை எங்கே போயிற்று?

மதுரை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றது. எல்லோரையும் போல நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த அணியில் தமிழ்நாட்டு வீராங்கனை ஒருவர்கூட இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது. இந்தியப் பெண்கள் டெஸ்ட் ஆடத் தொடங்கிய 1970களில் சென்னையிலிருந்து சிலர் அணியில் இருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவ்வளவு முன்பே தொடங்கிய மாநிலம் ஏன் அந்த வேகத்தில் வளரவில்லை? நம் மாநில மகளிர் அணியின் வரலாற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பழைய ரசிகர், திருவல்லிக்கேணி:

நீங்கள் படித்தது சரியே. 1973-இல் மகேந்திர குமார் சர்மா லக்னோவில் இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவு செய்தார். அதே ஆண்டு புனேயில் நடந்த முதல் தேசியப் போட்டியில் பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று அணிகளே ஆடின. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. 1976-இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கு வந்து ஆறு டெஸ்டுகள் ஆடியது. அவற்றுள் ஒன்று சென்னையில் நடந்தது. அந்தக் காலத்து இந்திய அணியில் சென்னையைச் சேர்ந்த சுதா ஷா, ஃபௌசியா கலீலி, சூசன் இட்டிசெரியா ஆகிய மூவர் இருந்தனர். கலீலி விக்கெட் கீப்பர். சூசன் வேகப்பந்து வீச்சாளர். ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கலின் தாயார்தான் இந்தச் சூசன் என்பது இங்குள்ள இளையவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அன்றைய தலைவி சாந்தா ரங்கசாமி கர்நாடகத்துக்காக ஆடினாலும் பிறந்தது சென்னையில்தான்.

இவர்களுள் நான் மிகவும் மதிப்பது சுதா ஷாவை. 21 டெஸ்டுகள் ஆடிய அவர், 2005-இல் இந்தியா முதன்முறையாக உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றபோது அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். முன்பதிவு இல்லாத பெட்டியில் பயணம் செய்து, பொதுக்கூடங்களில் படுத்துறங்கி, ஒரே மட்டையைப் பலர் பகிர்ந்துகொண்டு ஆடிய தலைமுறை அது. சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. படிப்பு முடிந்து, திருமணமோ வேலையோ வந்ததும் பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். முன்னிலை கரைந்தது அங்கேதான் என்பது என் கருத்து.

ரயில்வே ஊழியர், பெரம்பூர்:

மேலே சொல்லப்பட்டதில் 'வேலை' என்ற ஒன்றையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒரு பெண் கிரிக்கெட் ஆடியபடியே மாதச் சம்பளம் பெற வேண்டுமென்றால், நெடுங்காலம் ரயில்வேதான் அவளுக்கு இருந்த நம்பகமான வழி. 2006-இல் மகளிர் சங்கம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துடன் இணைந்த பிறகு தொடங்கிய மாநிலங்களுக்கு இடையேயான ஒருநாள் போட்டியில், பெரும்பாலான பட்டங்களை ரயில்வே அணியே வென்றிருக்கிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து செகந்தராபாத்தில் வளர்ந்த மிதாலி ராஜ் ஆடியதும் ரயில்வே அணிக்காகத்தான். எல்லா மாநிலங்களும் தம் சிறந்த வீராங்கனைகளை இப்படி இழந்தன. நம் மாநிலமும் இழந்தது. அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை; எங்கள் நிறுவனம் இல்லையென்றால் அவர்களுள் பலர் இருபத்து இரண்டு வயதிலேயே மட்டையைக் கீழே வைத்திருப்பார்கள்.

ஆனாலும் திறமை வற்றிவிடவில்லை. 2013 உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதமடித்த சென்னையின் திருஷ் காமினிதான், உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண். மறு ஆண்டு மைசூர் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் 192 ஓட்டங்கள் எடுத்தார். அதே 2014-இல் இங்கிலாந்தின் வாம்ஸ்லியில் நடந்த டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் 19 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 92 ஓட்டங்களில் சுருட்ட உதவியவர் நம் நிரஞ்சனா நாகராஜன். இந்தப் பெயர்கள் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் பேசப்படவே இல்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மதுரை வாசகி:

இருவருக்கும் நன்றி. ஆனால் ரயில்வேதான் காரணம் என்றால், 2024 டிசம்பரில் மத்தியப் பிரதேசம் ஒருநாள் பட்டத்தை வென்றது எப்படி? அந்த அணியின் கிராந்தி கௌட் ஒரு சிற்றூரிலிருந்து வந்து, அடுத்த ஆண்டே உலகக் கோப்பை அணியில் இடம் பெற்றாரே? பன்னிரண்டு வயதாகும் என் அண்ணன் மகள் வேகப்பந்து வீசுகிறாள் என்பதால், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆவல்.

பயிற்சியாளர், கோயம்புத்தூர்:

நல்ல கேள்வி. வேலை என்ற கட்டு இப்போது தளர்ந்திருக்கிறது. 2021-இல் மூத்த மகளிருக்கான ஆட்ட ஊதியம் ஒரு நாளைக்கு 12,500 ரூபாயிலிருந்து 20,000 ஆக உயர்ந்தது. 2023-இல் மகளிர் பிரீமியர் லீக் வந்தது. நம் மாநிலத்தின் கமலினி பதினாறு வயதில் அந்த லீக்கின் வீராங்கனைகள் ஏலத்தில் 1.6 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2025 பிப்ரவரியில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். ஆகவே இனி தடையாக இருப்பது பணம் மட்டும் அன்று.

நான் நாள்தோறும் காண்பது வேறு குறை. மாவட்டங்களில் பெண்களுக்கு ஆட்டங்கள் போதவில்லை. ஒரு மாநில அணிக்குப் பதினைந்து பேர் தேவை என்றால், அவர்களுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் ஆடும் சில நூறு பேர் இருந்தாக வேண்டும். பெரும்பாலான சிறுமிகள் சிறுவர்களின் வலைப்பயிற்சியிலேயே வளர்கிறார்கள். அதில் நன்மையும் உண்டு. வேகத்தைக் கண்டு அஞ்ச மாட்டார்கள். ஆனால் ஆண்களின் பந்து 156 முதல் 163 கிராம் எடை. பெண்களின் பந்து 140 முதல் 151 கிராம்தான், அளவிலும் சற்றுச் சிறியது. கனமான பந்திலேயே பழகிய பெண், தேர்வு முகாமில் பெண்களுக்கான பந்தைக் கையில் வாங்கியதும், அவள் வீசும் பந்து தரையில் விழும் இடம் மாறிவிடுகிறது. முதல் இரண்டு ஓவர்கள் அளவு தப்பியே விழுகின்றன. தேர்வாளர் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு ஓவர்களைத்தான்.

எனவே உங்கள் அண்ணன் மகளுக்குப் பெண்களுக்கான பந்து ஒன்றை இப்போதே வாங்கிக் கொடுங்கள்; வாரத்தில் சில நாட்களாவது அதில் முழு ஓட்டத்துடன் வீசச் சொல்லுங்கள். மாவட்டச் சங்கத்தில் அவள் வயதுப் பிரிவுக்கான தேர்வு எப்போது என்று நேரில் சென்று கேளுங்கள். அறிவிப்பு பல வேளைகளில் மிகத் தாமதமாகவே வெளியூர்களை எட்டுகிறது.