பி.ஐ. கொடிக்கு வால் உண்டா, இல்லையா?

உவர்மலையான்:
"திருமலைக்கு வந்த கப்பல்கள்" என்று திருகோணமலையைப் பற்றி இங்கே ஒருவர் வரைந்து போட்ட படம் பார்த்தேன். பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) என்ற கப்பல் கம்பனியின் கப்பல், கறுப்புப் புகைபோக்கி, அதில் 2 வெள்ளை வளையம். அதுவரை சரி. மேலே பறக்கிறது நீட்டுச்சதுர வெள்ளைக் கொடி, அதில் சிவப்புப் பெருக்கல் குறி. ஐயா, அது கம்பனிக் கொடி இல்லை, கப்பல்கள் எழுத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிற சைகைக் கொடிகளில் 'வி'. அர்த்தம் "எனக்கு உதவி வேண்டும்". பி.ஐ. கொடிக்கு நுனி பிளந்திருக்கும். வால் எங்கே?

கொட்டியாரத்தான்:
வரைந்தது நான்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து வரைந்தேன், அதில் வால் இல்லை. கம்பனியைத் தொடங்கின மக்கினன் ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய நாட்டுச் சிலுவைதான் அது. ஸ்கொட்லாந்துக் கொடிக்கு வால் இருக்கோ?

உவர்மலையான்:
ஸ்கொட்லாந்துச் சிலுவை நீலத்தில் வெள்ளை. அதையும் ஏற்றிப் பாருங்கோ, சைகையில் அது 'எம்': "என் கப்பல் நிற்கிறது, நகரவில்லை". ஒரு கொடி உதவி கேட்குது, மற்றது நகரமாட்டேன் என்குது. நல்ல கம்பனிதான்! படத்தில் வால் தெரியாததற்குக் காரணம் காற்று. உட்துறைமுகத்தில் காற்றில்லாத நேரம் கொடி தொங்கினால் 2 வாலும் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து கிடக்கும். பிளவு எப்படித் தெரியும்?

கொட்டியாரத்தான்:
சைகையில் 'ஏ'யும் 'பி'யும் கூடப் பிளந்த வால் கொடிகள்தானே. அப்ப உங்கட பி.ஐ. சுழியோடி இறக்கின கப்பலோ, வெடிமருந்து ஏற்றின கப்பலோ? வாலை வெட்டினால் சிலுவையும் கெடும். தைத்துக் காட்டுங்கோ, பிறகு கதைப்போம்.

உவர்மலையான்:
கேளுங்கோ. 6 அடி நீளம், 4 அடி உயரம். சிலுவையின் சிவப்புக் கை 8 அங்குல அகலம் வைத்து 2 அடி ஆழத்துக்குப் பிளந்தால் வெட்டு கையின் உட்பக்கத்தைத் தின்னும். 18 அங்குலத்தோடு நிறுத்தினால் நுனிப்பக்கம்தான் படும். சிவப்பை ஒரு பக்கம் மட்டும் ஒட்டித் தைத்தால் பின்னால் நிழல்தான் விழும். அதனால் வெள்ளையின்மேல் சிவப்பை வைத்துத் தைத்துவிட்டு, பின்பக்கம் சிவப்பை மறைக்கிற வெள்ளையை வெட்டி எடுக்கவேணும். சிவப்புத் துணியை முதலே அலசிச் சாயத்தைப் போக்காவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளை ரோசாவாகும். வால் வெட்டு துணியின் இழைக்குச் சாய்வாகப் போகிறதால் இழுபடும், நாடா வைத்துத்தான் மடிக்கவேணும். முதலில் கிழியிற இடம் பிளவின் மூலை. அங்கே முக்கோணத் துண்டு ஒன்று. இப்ப சொல்லுங்கோ, சிலுவை கெட்டதோ?

கொட்டியாரத்தான்:
நுனிப்பக்கம் படும் என்று நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீங்க.

சல்லிக்காரன்:
வாலை விடுங்கோ. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் அடித்ததில் இங்கே எரிந்த சகைங் கப்பல், 2018இல் கடற்படை கிளப்பினதே, அதுவும் பி.ஐ.தானே? கம்பனிப் பெயரில் பர்மா இருக்கு.

உவர்மலையான்:
இல்லை. பி.ஐ. 1856இல் கல்கத்தா அண்ட் பர்மா ஸ்டீம் நவிகேஷன், 1862இல் பிரிட்டிஷ் இந்தியா ஆனது. சகைங், கிளாஸ்கோ நகர ஹெண்டர்சனின் பிரிட்டிஷ் அண்ட் பர்மீஸ் ஸ்டீம் நவிகேஷன் கப்பல். பர்மா என்று எழுதினதெல்லாம் ஒரே கம்பனி என்றால் பர்மாத் தேக்கும் பி.ஐ.தான்.

சல்லிக்காரன்:
தேக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. வாய்க்கு வந்தபடி நக்கல் வேண்டாம்.

கொற்கையன்:
எவனோ வெள்ளைக்காரன் கம்பனிக் கொடிக்கு இவ்வளவு அளவுகோலா? 1906இல் வ.உ.சி. பதிவு செய்த சுதேசிக் கப்பல் கம்பனியை நசுக்கினது இதே பி.ஐ.தான். தூத்துக்குடி–கொழும்பு டிக்கெட்டைக் குறைத்தான், பிறகு இனாமாக ஏற்றிக் குடையும் கொடுத்தான். வ.உ.சி.யின் காலியா, லாவோ கப்பல்களின் கொடியைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

உவர்மலையான்:
எழுதுங்கோ, வாசிக்கிறோம். ஆனால் நசுக்கினவன் கொடி எது என்று தெரியாமல் யாரைத் திட்டப்போறீங்க? வால் இல்லாத கொடியைத் திட்டினால் திட்டு 'வி' சைகைக்குத்தான் போகும்.

கொற்கையன்:
வ.உ.சி. பெயர் வந்தவுடனும் வால் பற்றியே பேசுகிற ஆளிடம் என்ன சொல்ல.

கொட்டியாரத்தான்:
துறைமுகத்தில் வள்ளக்காரர் கப்பலை அடையாளம் பிடித்தது புகைபோக்கி வளையத்தால். கொடியை யார் பார்த்தான்? வளையம் 2, நான் 2 தான் போட்டிருக்கிறேன்.

உவர்மலையான்:
வளையத்தை நான் குறை சொல்லவே இல்லை. முதல் வரியிலேயே "அதுவரை சரி" என்று எழுதியிருக்கு. வால்?

கொட்டியாரத்தான்:
காற்று இல்லை.