ஃபீஸ் கட்ட ஆள் உண்டு, ஃபீல்டுக்கு அனுப்பத்தான் ஆள் இல்லை

போன டிசம்பரில் நடந்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் காலையில் கீழக்குயில்குடி வரை நடந்து போய், சமணர் மலை அடிவாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். அன்று மலைக்குச் சற்றுத் தள்ளி ரோட்டோரப் பாறையில் ஒரு பிள்ளை சின்னப் பெட்டி மாதிரி எதையோ சாய்த்து வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரத்துக்குப் பிறகு பாறைப் பக்கம் யாராவது கருவியோடு நின்றாலே எங்களுக்குப் பகீர் என்கிறது.

"என்னம்மா, சர்வேயா?"

"இல்லங்கய்யா, எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறேன். ப்ராஜெக்ட்."

உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, வெளியூரில் படிக்கிறது. கையில் இருந்தது பிரண்டன் காம்பஸ். பாறை எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு. அவர்கள் துறையில் நாலே நாலு இருக்கிறது, முறை வைத்துத்தான் எடுப்பார்களாம், திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலில் ரப்பர் செருப்பு. அந்தச் செருப்போடுதான் இரண்டு நாளாகப் பாறை பாறையாக ஏறி இறங்கியிருக்கிறது.

அப்புறம் அது சொன்னதைக் கேட்டு நாங்கள் நடையையே மறந்துவிட்டோம். மதுரையைச் சுற்றியுள்ள இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் பூமிக்குள் வெகு ஆழத்தில் கிடந்து வெந்தவையாம், சில இடங்களில் 900 டிகிரிக்கு மேல் சூடு ஏறிய தடயம் இருக்கிறதாம், அது நடந்து ஏறக்குறைய 55 கோடி வருஷம் ஆகிறது. 'மதுரை பிளாக்' என்றே இதற்குப் பெயர், ஜப்பானிலிருந்தெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இதைப் பார்க்கப் பஸ் காசு இல்லை.

ஃபீஸுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். நமக்கு அதுதானே கேட்கத் தெரியும். "ஃபீஸ் எப்படியோ கட்டியாச்சுங்கய்யா. ஜனவரியில பத்து நாள் ஃபீல்டு கேம்ப், அதுக்குத்தான் வீட்ல கேக்க முடியல. ஸ்காலர்ஷிப் பணம் வர்றது கேம்ப் முடிஞ்ச பிறகுதான்" என்றது. தலைக்கு ஏழாயிரம். முந்தின வருஷம் போகாமல், போனவர்களின் நோட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுதி மார்க் வாங்கியிருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை முகம் வாடியது. இது போக, பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால்தான் மைக்ராஸ்கோப்பில் உள்ளே இருக்கும் கனிமம் தெரியும், அதற்கு வெளியே கொடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு.

ஐந்து பேரும் போட்டுக் கொடுத்தோம், பெரிய தொகை இல்லை. ஆனால் நான் இங்கே எழுதுவது அதற்காக அல்ல. நம் ஊரில் படிப்புக்கு உதவுவது என்றால் ஜூன் மாதம் ஃபீஸ், நோட்டுப் புத்தகம், அத்தோடு சரி. இந்தப் படிப்புக்குக் காசு தேவைப்படுவது மழை விட்டு வெயில் ஏறுவதற்கு முந்தின இரண்டு மூன்று மாதம்தான், அப்போது கேட்க நாதி இல்லை. அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தாகும் வரை அந்தச் சுற்றுவட்டாரமே தூங்கவில்லை, எவ்வளவு தோண்டுவார்கள், கம்மாய்க்கு வரும் தண்ணீர் என்ன ஆகும் என்று தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேடினோம். அந்த ஆள் இந்தப் பிள்ளைகளில் இருந்துதான் வர வேண்டும்.

* * *

நான் உதவி வாங்கிய பக்கம் இருந்தவள், சுற்றுச்சூழல் அறிவியல் படித்தேன். விளாங்குடியிலிருந்து விரகனூர் வரை வைகையில் எட்டு இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் சேர்த்தால்தான் பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் எவ்வளவு கழிவு கலந்திருக்கிறது என்று காட்டும் கணக்கு, சரியாக வரும், பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கண்டக்டர் ஏற்ற மாட்டார். எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஆறு மாதம் புதன்கிழமை புதன்கிழமை ஆட்டோ காசு கொடுத்தார். ஒருநாள் கூடவே வந்து பாட்டில் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே வருஷம் ஓர் அமைப்பு ஐயாயிரம் கொடுத்தது, அட்டையில் செய்த பெரிய செக்கைப் பிடிக்கச் சொல்லி, அந்தப் போட்டோ எங்கள் சொந்தக்காரர்கள் குரூப் வரை வந்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கொடுங்கள், போட்டோ மட்டும் வேண்டாம்.

* * *

நான் ஒரு கல்லூரி டிரஸ்ட் வழியாகக் கொடுத்தவன். முதல் தடவை எதற்கு என்று எழுதாமல் கொடுத்தேன், பொது நிதியில் சேர்ந்து காலேஜ் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அடுத்த தடவை 'ஜியாலஜி துறை மாணவர் களப்பணிக்கு மட்டும்' என்று கடிதம் வைத்து, துறைத் தலைவருக்கும் ஒரு நகல் கொடுத்தேன், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு (80ஜி என்று சொல்வார்களே, அது) வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். பிள்ளை கையில் நேராகக் கொடுத்தால் கழிவு கிடையாது.

* * *

முதலில் எழுதியவன்தான். கழிவு இல்லாவிட்டாலும் நாங்கள் கையில்தான் கொடுக்கப் போகிறோம், கேம்ப் தேதிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால். தங்கச்சி சொன்ன போட்டோ விஷயத்தைக் குறித்துக்கொண்டேன், எங்களிலும் ஒருவர் எடுக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை கேம்ப் போய்விட்டு வந்து, ஜூனியரில் நாலு பேரைச் சொல்லியிருக்கிறது. இரண்டு பேருக்குப் பணம் சேர்ந்துவிட்டது. மற்ற இருவருக்கும் கேம்ப் காசும் ஷூவும் வேண்டும். ஷூ அளவு 6, 9.