ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு 5,000 ரூபாய்க்குள் ஸ்கோப்: எதைப் பார்த்து வாங்குவது?

தோப்புக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது .177 ஸ்பிரிங் ரைஃபிள். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், மண்மேட்டைப் பின்னால் வைத்து 20 மீட்டரில் அட்டை மட்டும் சுடுகிறேன். வயது 46, திறந்த சைட்டில் கண் ஒத்துழைக்கவில்லை. போன மாதம் 1,900 ரூபாய்க்குப் பெயர் தெரியாத ஒரு 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன் லென்ஸ் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கினேன். முதல் நாள் ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. இரண்டாவது வாரம் நான்கு விரல் அகலத்துக்குச் சிதறுகிறது. இன்னும் 5,000 வரை போடலாம். 6-24×50 வாங்கினால் தீருமா?

ஈயக்குண்டு:
தீராது. சிதறல் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் ஸ்கோப்பைக் கழற்றாமல், துப்பாக்கி மேல் அது உட்காரும் தடமான ரெயிலைப் பாருங்கள். ஸ்கோப்பை ரெயிலில் பிடிக்கும் மவுண்டுக்கு முன்பக்கம் கறுப்புப் பூச்சு உரிந்த கோடு இருக்கிறதா? என்னுடையதில் 3 மில்லிமீட்டருக்கு வெள்ளைக் கோடு, நகத்தால் கீறினமாதிரி. 300 பெல்லட்டுக்குள் மவுண்ட் அவ்வளவு தூரம் பின்னால் நகர்ந்திருந்தது. நான் என்ன செய்தேன்? ஸ்கோப்பைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் நகர்ந்தது.

ஸ்பிரிங் ரைஃபிளின் உதை விசித்திரமானது. உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் நிற்கும்போது வெடுக்கென்று முன்னால் பாயும். அந்த இரண்டாவது உதறலில்தான் ஸ்கோப் பின்வாங்குகிறது. பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்கள் ஒரு பக்க உதையை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் விலை கூடியதுகூட ஸ்பிரிங் ரைஃபிளில் உள்ளே ஆடிப்போகும். பெட்டியில் "ஏர்கன்னுக்கு ஏற்றது" என்று இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

ரெயிலை பெட்ரோல் துணியால் எண்ணெய் போகத் துடைத்து, ஒற்றைத் துண்டு மவுண்ட் போட்டுப் பாருங்கள். அப்புறமும் சிதறினால் குறியை நகர்த்தும் திருகின் கிளிக்கைச் சோதியுங்கள். கிளிக்குக்குக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு கோணம்) நகரும் ஸ்கோப்பில் 20 மீட்டருக்கு ஒரு கிளிக் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வலது 40, கீழே 40, இடது 40, மேலே 40 என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் மூன்று சுடுங்கள். ஏறத்தாழ 6 செ.மீ. சதுரம் கிடைத்து, கடைசிக் குண்டுகள் முதல் ஓட்டையிலேயே விழுந்தால் 1,900 ரூபாய் வீணில்லை.

அடுத்தது பாரலாக்ஸ். மலிவான 3-9×40 பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைத்தது. துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து, கை படாமல், கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு (கிராஸ்ஹேர்) அட்டையில் ஊர்ந்தால் அதுதான் பாரலாக்ஸ். 20 மீட்டரில், கண் லென்ஸ் ஓரத்துக்கே போனால், 15 மி.மீ. வரை தப்பும். ஆகவே வாங்கினால் முன்வளையத்தைத் திருகி அந்தத் தூரத்தை 10 கெஜம் வரை இறக்கக்கூடிய ஏஓ வகை 3-9 அல்லது 4-12 வாங்குங்கள். ஹாக் வான்டேஜ் 4-12×40 ஏஓ இந்த வேலைக்கே ஆனது, ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு மேல்.

கோத்தகிரிக் குளிர்:
ஏஓ இல்லாத ஸ்கோப்பிலும் முன் லென்ஸின் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, லென்ஸைச் சற்று வெளியே திருகினால் 20 மீட்டருக்குத் தெளிவாகும். செய்தேன், வேலை செய்தது. ஆனால் உள்ளே அடைத்த நைட்ரஜன் போய்விடும். மார்கழியில் ஒரு காலை பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பனி. அன்று முழுக்க அதை வெயிலில் வைத்ததுதான் மிச்சம். சமவெளியில் இருப்பவர்கள் துணியலாம்.

ரேஞ்ச் பெரியப்பா:
தம்பி, பின்னால் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஸ்கோப்பில் காசைக் கொட்டாதே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கியே கூடாது, சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட் மட்டும்தான். அட்டையில் 10 புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. பொழுதுபோக்குக்கு என்றால் ஈயக்குண்டு சொன்னதைக் கேள்.

தோப்புக்காரன்:
கோடு இருக்கிறது அண்ணா! ஸ்கேல் வைத்து அளந்தேன், 2 மி.மீ. ஆனால் என் ரெயிலில், மவுண்ட் நகராமல் நிறுத்தும் ஊசி உட்காரக் குழி இல்லை. பக்கத்து லேத்தில் ஒரு துளை போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.

ஈயக்குண்டு:
வேண்டவே வேண்டாம். பல ரைஃபிள்களில் அந்த ரெயில் பிஸ்டன் ஓடும் குழாயின் மேலேயே வெட்டியது. துளை ஆழமாகிவிட்டால் துப்பாக்கியே போச்சு. ரெயிலைக் கவ்விப் பிடிக்கும் தனி ஸ்டாப் கட்டை கிடைக்கிறது, மவுண்டை ஒட்டி அதற்குப் பின்னால் மாட்டுங்கள். பத்து பெல்லட் சுட்டு, திருகுகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, அட்டையைப் படம் பிடித்துப் போடுங்கள்.