நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போக வழி சொல்லுங்கள்

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கெட்டுப்போன நிலத்தடி நீரை மீட்கும் வேலைக்குத்தான் போக வேண்டும் என்று இருக்கிறேன்.

காரணம் எங்கள் அம்மாயி வீட்டுக் கிணறு. திருமணிமுத்தாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறக்கிற ஆறு, ஊருக்குள் வந்ததும் சாக்கடையும் சாயமும் கலந்து நிறமே மாறிவிடுகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடத்தின் உள்பக்கம் விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளை உப்பு ஒட்டும். அம்மாயி அதில் பாத்திரம் மட்டும்தான் கழுவுகிறார். அந்தத் தண்ணீரை அவர் மறுபடி குடிக்க வேண்டும், அதுதான் என் ஆசை.

நிலத்தடி நீரைக் கெடுக்கும் உலோகங்களில் எனக்குக் குரோமியத்தில் ஆர்வம் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் இந்தியத் தரநிலையின் வரம்பு. இணைதிறன் 6 கொண்ட குரோமியம் நஞ்சு, நீரோடு எளிதில் பரவும். இரும்புத்தூள் பட்டால் இணைதிறன் 3-க்கு மாறி மண்ணிலேயே படிந்துவிடும். அமெரிக்காவின் எலிசபெத் சிட்டியில் 1996-இல் இப்படி ஒரு இரும்புத் தடுப்பை நிலத்துக்குள் அமைத்தார்கள். நிலத்தடி நீர் அதன் வழியாக ஓடும்போதே சுத்தமாகிவிடும், தண்ணீரை மேலே இறைக்கவே வேண்டாம்! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, என் சந்தேகம் இதுதான். நேராக பிஎச்.டி. சேரலாமா, இரண்டு வருடம் களவேலை பார்த்துவிட்டுச் சேரலாமா? நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ மென்பொருளை யாரிடம் கற்றுக்கொள்ளலாம்? அப்புறம், இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது கிணற்று நீர் மாதிரி எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவீர்களா? கேன் தூக்கவும் தயார்.