மும்பை ஆஸ்பத்திரி கவுன்டர்: உங்களுக்கு என்ன நடந்தது?

செம்பூர் மகள்
போன மாசம் அப்பாவை ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டப் போனோம். பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு 74, தென்காசிப் பக்கத்துலேர்ந்து வந்து எங்ககூட இருக்கார். ஃபாரத்துல சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டேன். நமக்கு ஏது சர்நேம்? கவுன்டர் பொண்ணு தலை நிமிராமலே, அது இல்லாம சிஸ்டம் நகராதுன்னுச்சு. இனிஷியலுக்கு என்ன பேர்னு கேட்டுச்சு, தாத்தா பேரைச் சொன்னேன்.

நான் ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போன நேரத்துல மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஆள் வரலேன்னு டோக்கனைக் கடைசிக்குத் தள்ளிட்டாங்க. ஒண்ணரை மணி நேரம் கழிச்சுப் போய்க் கேட்டா, "கூப்பிட்டோமே, நீங்கதான் வரல"ன்னு பதில். அப்பாகிட்ட கேட்டேன். "எங்கப்பா பேரைத்தாம்மா கூப்பிட்டாங்க. அவர் போய் முப்பது வருஷமாச்சே, வேற யாரோன்னு உக்காந்துட்டேன்"னார். மூச்சு வாங்கிட்டே சொன்னார். அந்தக் குரல் இன்னும் போகல.

தாராவி 90 அடி ரோடு
அக்கா, எங்களுக்கு சர்நேம் கேக்குற மரியாதைகூடக் கிடைக்கல. முனிசிபல் ஆஸ்பத்திரி, ஜூலை மழை, டாக்டரைப் பாக்க வாங்கற சீட்டு இருக்கே, அந்தக் கேஸ் பேப்பர் வரிசை. அம்மாவுக்கு வலது கைல கட்டு. கவுன்டர்ல இருந்தவர் வயசு என்னன்னு மராத்தில கேட்டார், அம்மாவுக்குப் புரியல. நான் சொன்னேன். எழுதிட்டு பேப்பரைத் தூக்கிப் போட்டார். அது குடைத் தண்ணி தேங்கின தரையில விழுந்துச்சு. அம்மா குனிஞ்சு இடது கையால எடுத்து, சேலைல துடைச்சுட்டு, "தேங்க்யூ சாப்"னாங்க. எறிஞ்ச ஆளுக்குத் தேங்க்யூ! நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். ஒண்ணும் சொல்லல. அதுதான் உறுத்துது. அப்புறம் ஒரு மவுசிதான், அதான் ஆஸ்பத்திரி ஆயாம்மா, கையைப் பிடிச்சு டாக்டர் ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க.

முலுண்டு
பேப்பரை எறிஞ்சது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா செம்பூர் அக்கா, அந்தப் பொண்ணு மேல மட்டும் கோபப்படாதீங்க. நான் ஆறு வருஷம் பில்லிங் கவுன்டர்ல இருந்தவ. கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் நிஜமாவே நகராது. டெபாசிட் இவ்வளவுன்னு மேல முடிவு பண்ணுவாங்க, திட்டு நாங்க வாங்குவோம்.

ஒரு ராத்திரி ஒருத்தர் பிளாஸ்டிக் பையில நோட்டும் சில்லறையுமா கொண்டு வந்தார். எண்ணினேன், 300 ரூபா குறைஞ்சுது. குறையுதுன்னு சொல்லி ரசீது போடாம நிறுத்திட்டேன். வெளிய போய் ஆம்புலன்ஸ் டிரைவர்கிட்ட கடன் வாங்கிட்டு வந்தார். என் பர்ஸ்ல அன்னிக்கு 500 ரூபா இருந்துச்சு.

டோம்பிவிலி பெரியவர்
கம்ப்யூட்டர் நகராதாம்! பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுக் காட்ட எந்தக் கம்ப்யூட்டர் தடுத்தது? என் கதை சின்னது: மருமகள் பிரசவத்துக்கு டெபாசிட் கேட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள், சத்தம் போட்டேன், உள்ளே விட்டார்கள்.

எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிர் போகும் நிலையில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்று 1989லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மகாராஷ்டிராவில் டிரஸ்ட் நடத்தும் பெரிய ஆஸ்பத்திரிகளில் 10 சதவீதப் படுக்கை பரம ஏழைகளுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில். 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டம். கவுன்டரில் கெஞ்சாதீர்கள், "சோஷியல் வொர்க்கர் எங்கே" என்று கேளுங்கள். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும். மகாராஷ்டிரா அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான மகாத்மா புலே திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் நோயாளிக்கு உதவ ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரைப் பிடியுங்கள். கேஷ்லெஸ் இன்ஷூரன்ஸுக்கு 1 மணி நேரத்தில் அனுமதி, டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் அனுமதி என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் 2024 உத்தரவே இருக்கிறது. முக்கியமாக, ஆதாரிலும் பாலிசியிலும் பேர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், மற்றதில் அப்பா பேர் என்று இருந்தால் அதை வைத்தே இழுத்தடிப்பார்கள்.

தாராவி 90 அடி ரோடு
ஐயா, தகவலுக்கு நன்றி. ஆனா எங்கம்மா காசுக்காக நிக்கல. பத்து ரூபா கேஸ் பேப்பர். அதைக் கைல கொடுன்னு எந்தக் கோர்ட்ல போய்க் கேக்கறது?

செம்பூர் மகள்
முலுண்டுத் தங்கச்சி, உன் 500 ரூபா விஷயத்தை ரெண்டு தடவை படிச்சேன். அந்தப் பொண்ணும் எங்கயாவது இப்படி நினைச்சுட்டிருக்குமோ என்னமோ.

நேத்து அப்பாவை மறுபடி கூட்டிட்டுப் போனேன். பேரைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன், இன்னும் மாத்தல. அப்பா கவுன்டருக்கு நேரா முதல் பெஞ்சுல போய் உக்காந்துட்டார். மைக்குல எந்தத் தமிழ்ப் பேர் கேட்டாலும் எந்திரிச்சு நிக்கறார்.